கூரை வேய்வது ஊர் வேலை: ஷிரகவா-கோ வீடுகளைப் புரிந்துகொள்ள ஓர் எளிய விளக்கம்

ஜப்பான் போகத் திட்டமிடுபவர்களின் பட்டியலில் டோக்கியோ, கியோட்டோவுக்கு அடுத்தபடியாக இப்போதெல்லாம் ஷிரகவா-கோ வந்துவிடுகிறது. மலைக்கு நடுவில் பனி மூடிய ஓங்கிய கூரைகள், சன்னலில் மஞ்சள் வெளிச்சம். அந்தப் படம் கண்ணில் படாதவர்கள் குறைவு. படம் பரவிய வேகத்தில் கூடவே நிறைய அரைகுறைத் தகவலும் பரவிவிட்டது. வைக்கோல் கூரை என்கிறார்கள், ஆயிரம் வருஷமாக அப்படியே நிற்கிறது என்கிறார்கள், பனி தானாகச் சறுக்கி விழுந்துவிடும், ஒரு ஆணி கூட இல்லாத அதிசயம், இப்போது யாரும் குடியில்லை, சுற்றுலாவுக்காக வைத்திருக்கிறார்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இதில் சில பாதி உண்மை, சில உண்மையே இல்லை. எனக்கு இந்த வீடுகள் மேல் பெரிய மரியாதை உண்டு. அந்த மரியாதைக்குக் காரணம் அவற்றின் அழகு மட்டும் இல்லை, அவை வேலை செய்யும் விதம். அதைத் தெரிந்துகொண்டு போனால் அங்கே பார்க்கக் கிடைப்பது பல மடங்கு அதிகம் என்பதால் அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

எந்த ஊர், எத்தனை வீடு

மத்திய ஜப்பானில் ஹகுசான் மலைக்குப் பக்கத்தில் ஷோகவா என்ற ஆறு தெற்கிலிருந்து வடக்காக ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. ஆற்றின் மேல்பகுதியில், கிஃபு மாநிலத்தில் இருப்பது ஷிரகவா-கோ. கொஞ்சம் கீழே, தொயாமா மாநிலத்தில் இருப்பது கொகயாமா. 1995-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது மூன்று ஊர்களைச் சேர்த்தே அறிவித்தது: ஷிரகவா-கோவின் ஓகிமாச்சி, கொகயாமாவின் ஐனொகுரா, சுகனுமா. ஓகிமாச்சிதான் பெரியது, 59 கூரை வீடுகள். ஐனொகுராவில் 20, சுகனுமாவில் வெறும் 9. நீங்கள் பார்த்த படம் பெரும்பாலும் ஓகிமாச்சியாகத்தான் இருக்கும்.

இந்த வீட்டு வகைக்குப் பெயர் கஷ்ஷோ-ஸுகுரி. கும்பிடும் கைகளைப் போல இரண்டு சரிவுகள் உச்சியில் சேர்வதால் வந்த பெயர். ஜப்பானில் புல் வேய்ந்த வீடெல்லாம் கஷ்ஷோ இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கியோட்டோவுக்கு வடக்கே மியாமாவிலும், ஃபுகுஷிமாவின் ஓஉச்சி-ஜுகுவிலும் அழகான கூரை வீடுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றின் கட்டமைப்பு வேறு. இந்தக் கட்டுரை கஷ்ஷோ பற்றி மட்டும்.

புல் எப்படி மழையைத் தாங்குகிறது

முதலில் வைக்கோல் விஷயம். கூரையில் இருப்பது நெல் வைக்கோல் இல்லை. மலைச்சரிவில் ஆளுயரத்துக்கு வளரும் ஒரு முரட்டுப் புல் வகை. கூரை வேய உதவும் இப்படிப்பட்ட புல்லுக்கெல்லாம் பொதுவாகக் கயா என்று பெயர். நெல் வைக்கோலைவிட இதன் தண்டு கெட்டி, சீக்கிரம் மக்காது.

சரி, ஓடும் இல்லை, தகரமும் இல்லை, வெறும் புல் எப்படி மழையைத் தடுக்கும்? வைக்கோல் போரை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் அடைமழை பெய்த பிறகு போரில் கையை விட்டு இழுத்தால் மேலே ஒரு விரல்கடை நனைந்திருக்கும், உள்ளே காய்ந்த வைக்கோல்தான் வரும். விழுந்த நீர் ஒரு தாளின் வழியே வழிந்து அடுத்த தாளுக்கு இறங்கி, அப்படியே சரிந்து தரைக்குப் போய்விடுகிறது, உள்ளே இறங்க அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. கஷ்ஷோ கூரையிலும் நடப்பது இதேதான். அரை மீட்டருக்கும் மேல் கனமாக அடுக்கிய புல்லில் நனைவது வெளித்தோல் மட்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது: சரிவு போதுமான அளவு செங்குத்தாக இருக்க வேண்டும். சரிவு குறைந்தால் நீர் தேங்கி உள்ளே ஊறும், புல் அழுகும். இந்தக் கூரைகளின் சாய்வு 60 டிகிரி வரை போவதற்குப் பனி ஒரு காரணம் என்றால், புல் இன்னொரு காரணம். பனியை மட்டுமே எல்லோரும் சொல்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: கூரை கயா புல்லால் ஆனது, கனமும் சரிவும் சேர்ந்துதான் அது நீரைத் தள்ளுகிறது.

பனி, காற்று, ஆணி

பனிக்காலத்தில் இங்கே தரையில் இரண்டு மீட்டர் பனி கிடப்பது சாதாரணம். அந்தப் பாரம் கூரைமேல் ஏறினால் சமதளக் கூரை தாங்குவது கடினம். செங்குத்துச் சரிவில் பனி குறைவாகத் தங்குகிறது, இறங்கவும் செய்கிறது. ஆனால் "தானாகச் சறுக்கி விழுந்துவிடும்" என்பது மிகை. புல்லின் மேற்பரப்பு சொரசொரப்பானது, பனி அதைப் பிடித்துக்கொள்ளும். கனத்த பனி விழும் வருஷங்களில் ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டு மேலே ஏறி வெட்டித் தள்ளத்தான் வேண்டும். சரிவு அந்த வேலையைக் குறைக்கிறது, இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை.

இப்போது கட்டமைப்புக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கஷ்ஷோ வீட்டை ஒரே கட்டடமாகப் பார்க்காதீர்கள், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டடம் என்று பாருங்கள். கீழே ஆட்கள் வசிக்கும் தளம்: தூண், விட்டம், பலகைச் சுவர் எல்லாம் தேர்ந்த தச்சர்கள் துல்லியமாக அறுத்து இழைத்துப் பொருத்தியது. அதன் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய முக்கோணம் ஊர்க்காரர்களே கூடிக் கட்டியது. இரண்டும் சேரும் இடத்தைப் பாருங்கள். சாய்வாக நிற்கும் கூரைக் கட்டைகளின் அடிமுனை கூராகச் செதுக்கப்பட்டிருக்கும். கீழ்த்தளத்து விட்டத்தின் நுனியில் ஒரு குழி இருக்கும். கூர்முனை அந்தக் குழியில் போய் உட்காரும். அவ்வளவுதான், ஆணியோ போல்ட்டோ வைத்து இறுக்கியிருக்க மாட்டார்கள். பலத்த காற்றோ ஒருபக்கப் பனிப்பாரமோ வந்தால் கட்டையின் கால் குழிக்குள் துளி அசைந்து கொடுக்கும், பிறகு பழைய நிலைக்கு வந்துவிடும். இறுக்கி வைத்திருந்தால் அந்த இடம்தான் முதலில் பிளந்திருக்கும்.

மேலே இரண்டு கட்டைகள் சேரும் இடத்திலும் குறுக்குக் கழிகளிலும் கயிறும் நெசோவும்தான் பிணைப்பு. நெசோ என்றால் மான்சகு என்ற சிறு மரத்தின் இளங்கிளை. பச்சையாக இருக்கும்போதே முறுக்கி, நசுக்கி, கயிறு மாதிரி சுற்றிக் கட்டிவிடுவார்கள், காயக் காய அது சுருங்கி இறுகும். "ஆணியே இல்லை" என்று வியப்பதில் தப்பில்லை. ஆனால் அது வித்தையும் இல்லை, வறுமையும் இல்லை. கூரை அசைந்து கொடுக்க வேண்டும், பிறகு ஒருநாள் அவிழ்த்து மாற்றவும் முடிய வேண்டும். ஆணி இரண்டுக்கும் இடைஞ்சல்.

இன்னொன்று, ஊருக்குள் நடக்கும்போது எல்லா வீடுகளும் ஒரே பக்கம் பார்த்து நிற்பது கண்ணில் படும். பள்ளத்தாக்கில் காற்று ஆற்றோட்டத்தை ஒட்டி, தெற்கு வடக்காக அடிக்கிறது. வீட்டின் குறுகலான முக்கோண முகப்பை அந்தத் திசைக்குக் காட்டிவிட்டால் காற்று மோதும் பரப்பு குறைவு. அகலமான இரண்டு சரிவுகளும் கிழக்கும் மேற்குமாக வரும். காலை வெயில் ஒன்றுக்கு, பிற்பகல் வெயில் இன்னொன்றுக்கு. பனி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உருகும், புல்லும் காயும்.

மாடியில் குடியிருந்தது யார்

உள்ளே போனால் மூன்று, நான்கு, சில வீடுகளில் ஐந்து அடுக்கு வரை இருக்கிறது. இதைப் பார்த்ததும் "பெரிய கூட்டுக் குடும்பம் போலிருக்கிறது" என்று எல்லோருக்கும் தோன்றும். பள்ளத்தாக்கின் ஒரு பகுதியில் அப்படி இருபது முப்பது பேர் கொண்ட குடும்பங்கள் இருந்தது உண்மை. ஆனால் மேல்மாடிகள் கட்டப்பட்டது மனிதர்களுக்காக இல்லை, பட்டுப்புழுக்களுக்காக.

மலைக்குள் நெல் போடச் சமதரை மிகக் குறைவு. அதனால் மல்பெரி வளர்த்துப் பட்டு எடுத்தார்கள். புழு வளர்க்க நிறைய இடம் வேண்டும், வெதுவெதுப்பும் காற்றோட்டமும் வேண்டும். கூரைக்குக் கீழே எப்படியும் கிடைக்கும் அந்தப் பெரிய வெற்றிடத்தை அடுக்கடுக்காகப் பிரித்துத் தட்டுகள் வைத்தார்கள். தரையை இடைவெளி விட்ட கழிகளால் போட்டார்கள், கீழே எரியும் அடுப்பின் சூடு மேலே வரட்டும் என்று. முகப்பில் இருபுறமும் சன்னல், திறந்தால் பள்ளத்தாக்குக் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். ஒரு வீடு, ஒரு தொழிற்கூடம், இரண்டுக்கும் ஒரே கூரை.

தரைக்குக் கீழே இன்னொரு தொழில் நடந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி, மண், காட்டுப் புல், பட்டுப்புழு எச்சம் ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு, வருஷக்கணக்கில் ஊறவிட்டு, அவ்வப்போது கிளறி, கடைசியில் அந்த மண்ணை நீரில் கரைத்துக் காய்ச்சி வெடியுப்பு எடுத்தார்கள். வெடியுப்பு என்பது வெடிமருந்தின் முக்கியச் சரக்கு. கொகயாமாவில் செய்ததெல்லாம் கனஸாவாவிலிருந்து ஆண்ட காகா ஆட்சிக்குப் போனது. வெளியார் எளிதில் நுழைய முடியாத மலை என்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான வெளிநாட்டு வெடியுப்பு இறக்குமதியானதும் இந்தத் தொழில் படுத்துவிட்டது. அமைதியான கிராமம் என்று நாம் பார்ப்பது ஒருகாலத்தில் பட்டும் வெடிமருந்தும் தயாரித்த ஊர்.

புகை போட்டு வைத்த கூரை

கீழ்த்தளத்தின் நடுவில் தரையிலேயே பதித்த சதுர அடுப்புக்கு இரோரி என்று பெயர். புகைபோக்கி கிடையாது. புகை நேராக மேலே ஏறி, கழித்தரையின் இடுக்கு வழியாக ஒவ்வொரு மாடியையும் கடந்து, புல்லுக்குள் புகுந்து வெளியேறும். புகையும் சூடும் கயிற்றையும் புல்லையும் காய வைக்கின்றன, பூச்சி அண்டவிடாமல் செய்கின்றன, படியும் கரி மரத்துக்கு மேல்பூச்சாகிறது. பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் பழைய வீடுகளில் மாடி ஏறினால் விட்டமெல்லாம் பளபளவென்று கருத்திருக்கும், துணியில் புகைவாசம் ஏறிவிடும். அது அழுக்கு இல்லை, அந்தக் கூரையின் ஆயுள்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் மின்சாரமும் எரிவாயுவும் வந்துவிட்டன, தினமும் இரோரி மூட்டுவது குறைந்துவிட்டது. புகை குறைந்ததால் புல் முன்னைவிடச் சீக்கிரம் மக்குகிறது.

சுருக்கமாக: சரிவு கூரைக்குக் கீழே இடம் கொடுத்தது, இடம் பட்டுக்கு வழி கொடுத்தது, பட்டுக்காக எரிந்த அடுப்பு கூரையைக் காத்தது. ஒன்றை எடுத்தால் மற்றது ஆட்டம் காணும்.

முப்பது வருஷத்துக்கு ஒருமுறை

ஆயிரம் வருஷக் கணக்குக்கு வருவோம். இன்று நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை எடோ என்ற ஆட்சிக் காலத்தின் கடைசியிலும் அதையடுத்த மெய்ஜி காலத்திலும், அதாவது 19-ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கட்டியவை. ஓகிமாச்சியின் வதா வீடு போலச் சில, 300 ஆண்டு பழசு. அந்த வயதும் மரச்சட்டத்துக்குத்தான். புல்லுக்கு ஆயுள் 30, 40 ஆண்டு, அதற்கு மேல் மொத்தமாக உரித்து மறுபடி வேய வேண்டும்.

ஒரு குடும்பத்தால் இதைச் செய்யவே முடியாது. அதனால் வந்த ஏற்பாடு யுயி, அதாவது கைம்மாறாக உழைப்புக் கொடுத்து வாங்கும் முறை. இதை "கிராமத்து மக்களின் அன்பு" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அன்பு இருந்திருக்கும், ஆனால் யுயி கறாரான கணக்கு. யார் வீட்டிலிருந்து எத்தனை ஆள், எத்தனை நாள், எத்தனை கட்டுப் புல், எவ்வளவு கயிறு வந்தது என்று வீட்டுக்காரர் ஏட்டில் எழுதி வைப்பார். அடுத்த வீட்டின் முறை வரும்போது அதே அளவு திருப்பித் தர வேண்டும். அந்த முறை வர இருபது வருஷம் ஆகலாம், அப்போது மகன் போய்க் கடனை அடைப்பான். கூரை வேய்வதில் இப்படித் தலைமுறை தாண்டிப் போகும் கடன் இருந்ததால்தான் யாரும் எளிதில் ஊரை விட்டு விலக முடியவில்லை, யார் கூரையும் ஒழுகவும் இல்லை.

வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன். முந்தைய இலையுதிர் காலத்திலேயே புல்லை அறுத்துக் காய வைத்துச் சேர்த்துவிடுவார்கள். பனி உருகிய வசந்தத்தில் ஒரு நாள் குறிப்பார்கள். விடியலில் பழைய புல்லை உரித்து எறிகிறார்கள். ஒரு சரிவு முழுக்க நூறு, இருநூறு பேர் வரிசை வரிசையாக ஏறி நிற்கிறார்கள். புல்கட்டை விரித்து, மேலே ஒரு கழியை வைத்து, கூரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இதற்கு மரத்தில் செய்த ஆளுயர ஊசி உண்டு. வெளியே இருப்பவர் கயிறு கோத்த ஊசியைப் புல்லுக்குள் குத்தி உள்ளே தள்ளுவார். உள்ளே இருட்டில் நிற்பவர் கயிற்றைக் கழற்றிச் சட்டத்தைச் சுற்றி மறுபடி ஊசியில் மாட்டிக் கத்துவார், வெளியே இருப்பவர் இழுத்து, காலால் மிதித்து இறுக்குவார். இப்படி ஆயிரம் முடிச்சு. ஆள் போதுமான அளவு இருந்தால் ஒரு பக்கச் சரிவு ஓரிரண்டு நாளில் முடிந்துவிடும். ஐந்து மாடி கொண்ட நகசே வீட்டின் கூரையை 2001-இல் மாற்றியபோது சுமார் 500 பேர் திரண்டார்கள்.

இன்று எல்லாக் கூரையும் யுயியில் நடப்பதில்லை. ஆள் குறைந்துவிட்டது, புல் வளர்த்த மேடுகளும் குறைந்துவிட்டன. பல வீடுகளில் கூலிக்குத் தொழில்முறை வேய்பவர்கள் வருகிறார்கள், செலவில் பெரும் பகுதி அரசு மானியம். யுயி அடியோடு போய்விடவும் இல்லை. பணம் கொடுத்தால் வேலை முடியும்தான், ஆனால் புல்லைக் கையால் தொட்டுப் பழகிய தலைமுறை இல்லாமல் போனால் அடுத்த முறை யார் சரிபார்ப்பது என்ற கவலை எனக்கு உண்டு.

எப்படித் தப்பிப் பிழைத்தன

1935-இல் ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் புருனோ டவுட் இங்கே வந்து இந்த வீடுகளை மனதாரப் புகழ்ந்தார். ஆனால் புகழ்ச்சி எந்தக் கூரையையும் காப்பாற்றவில்லை. பட்டுத் தொழில் சரிந்தது, இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். ஷோகவா ஆற்றில் அணைகள் எழுந்தன. 1961-இல் முடிந்த மிபொரோ அணை பல குடியிருப்புகளை மூழ்கடித்தது. அப்படி இடம்பெயர்ந்த வீடுகளில் ஒன்றான யனோஹரா வீடு இன்று யோகஹாமாவில் சங்கெய்-என் தோட்டத்தில் நிற்கிறது. 1967-இல் கசுரா என்ற குக்கிராமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக ஊரைக் காலி செய்தார்கள்.

அதற்கு மேல் விடக்கூடாது என்று 1971-இல் ஓகிமாச்சி மக்கள் சங்கம் வைத்து மூன்று விதி எழுதிக்கொண்டார்கள்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. 1976-இல் அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக்கியது. யுனெஸ்கோ வந்தது அதற்கும் ஏறக்குறைய இருபது வருஷம் கழித்து. முதலில் காப்பாற்றியது அங்கே குடியிருந்தவர்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

"இது அருங்காட்சியகம்தானே" என்ற குழப்பத்துக்கும் இங்கே விடை இருக்கிறது. கசுராவிலும் சுற்றுப்புறத்திலும் கைவிடப்பட்ட வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து, ஆற்றின் மறுகரையில் ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் அமைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் குடியில்லை, நுழைவுச்சீட்டு உண்டு. தொங்குபாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் இருப்பது ஓகிமாச்சி, ஆட்கள் வாழும் ஊர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், வயலில் நடவு நடக்கிறது. ஏறக்குறைய 1,500 பேர் இருக்கும் ஷிரகவா கிராமத்துக்கு ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பயணிகள் வருகிறார்கள். அந்தச் சுமையை நினைத்துப் பாருங்கள்.

போகும்போது தெரிந்திருக்க வேண்டியவை

தகயாமாவிலிருந்து பேருந்தில் ஓகிமாச்சிக்கு 50 நிமிடம், கனஸாவாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் போல. தகஓகாவிலிருந்து கிளம்பும் பேருந்து ஐனொகுரா, சுகனுமா வழியாக ஓகிமாச்சி வரை வரும். நேரம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது அந்த வழிதான். ஓகிமாச்சியில் பகல் 11 மணியிலிருந்து 3 மணி வரை கூட்டம் நெரியும். ஐனொகுராவில் அவ்வளவு இல்லை, வீடுகளையும் வயலையும் நின்று பார்க்கலாம்.

முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். சில கஷ்ஷோ வீடுகளையே குடும்பத்தார் மின்ஷுகுவாக, அதாவது சாப்பாட்டோடு கூடிய தங்கும் வீடாக நடத்துகிறார்கள். அறைக்கு அறை காகிதக் கதவுதான், குளியலறை பொது, படுக்கை தரையில். இரவுச் சாப்பாடு குறித்த நேரத்துக்கு எல்லோரும் சேர்ந்து. ஆற்று மீன், மலைக்கீரை, மக்னோலியா இலையில் சுடும் மிசோ (புளிக்க வைத்த சோயா விழுது) என்று வரும். அறைகள் குறைவு, பல மாதம் முன்பே பதிய வேண்டியிருக்கும். சைவம் சாப்பிடுபவர்கள் பதியும்போதே தெளிவாக எழுதிவிடுங்கள். காய்கறிக் குழம்பிலும் மீனில் எடுத்த சாறு இருக்கும், "இறைச்சி வேண்டாம்" என்றால் மட்டும் போதாது. வந்த பிறகு சொன்னால் அவர்களால் மாற்றிச் சமைக்க முடியாது.

நெருப்பு விஷயத்தில் விளையாட்டே கூடாது. ஒரு கூரை பற்றினால் ஊரே போகும். ஊர்க்காரர்கள் முறை வைத்துத் தினமும் தீ எச்சரிக்கை சொல்லிச் சுற்றி வருகிறார்கள். ஊரெங்கும் 59 நீர்ப்பீய்ச்சிகள் வைத்திருக்கிறார்கள், மேட்டில் இருக்கும் தொட்டியிலிருந்து இறங்கும் நீரின் அழுத்தத்திலேயே அவை பீய்ச்சும். இலையுதிர் காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறை அத்தனையையும் ஒரே நேரத்தில் திறந்து பயிற்சி செய்வார்கள். தெருவில் புகைபிடிக்காதீர்கள். பட்டாசும் ட்ரோனும் வேண்டாம். குப்பையை உங்களோடு எடுத்துப் போங்கள். திறந்திருக்கும் வாசல் எல்லாம் உங்களுக்காகத் திறந்தது இல்லை, வதா, கந்தா, நகசே வீடுகள் போலக் கட்டணம் வாங்கி உள்ளே விடுபவை தனி.

நடக்கும்போது கூரைகளின் நிறத்தைப் பாருங்கள். பொன்னிறமாகக் கத்தரித்த விளிம்போடு இருப்பது போன வருஷமோ அதற்கு முந்தைய வருஷமோ வேய்ந்தது. சாம்பல் பூத்துப் பாசி ஏறியது பழையது. ஒரே வீட்டில் ஒரு சரிவு புதிது, மறு சரிவு பழசு என்றும் இருக்கும், ஏனென்றால் இரண்டையும் ஒரே வருஷத்தில் வேய்வது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

பனிக்கால இரவு விளக்கொளி நிகழ்ச்சிக்காகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஜனவரி, பிப்ரவரியில் குறித்த சில நாட்கள் மாலை மட்டும்தான் அது, 2019 முதல் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை. அந்த நாட்கள் கிடைக்கவில்லையென்றால் வருந்த வேண்டாம். மே மாதம் நடவுக்கு நீர் கட்டிய வயலில் கூரைகள் தலைகீழாகத் தெரியும், அக்டோபர் கடைசியில் மலை சிவக்கும், இரண்டுக்கும் இந்த அனுமதி தேவையில்லை. பனிக்காலத்திலேயே போவதென்றால் ஓட்டிப் பழக்கமில்லாத வாடகைக் காரைத் தவிர்த்துப் பேருந்தில் போங்கள், திரும்பும் சீட்டையும் அன்றே கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பேருந்து சீக்கிரமே கிளம்பிவிடும்.